சீட்டா, கார்டா, பெஞ்சா: எங்கள் செவன்ஸ் டோர்னமென்டுக்கு எந்த விதி?

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் கால்பந்து டோர்னமென்டின் கமிட்டியில் என் வேலை நோட்டு எழுதுவது. யார் கோல் போட்டார், எத்தனையாவது நிமிடம், யாருக்கு எந்தக் கார்டு, எல்லாம் எண்பது பக்க நோட்டில் ஏறும். போன மே மாதம் அந்த நோட்டை ஒரு பையன் என் கையிலிருந்து பிடுங்கி நடுவில் கிழித்தான். எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கிழிந்த பக்கங்களை செலோடேப் போட்டு ஒட்டும்போது, அவன் பக்கம் முக்கால்வாசி நியாயம் இருக்கிறதே என்று பட்டது.

நடந்தது இதுதான். 'பி' குரூப்பில் இரண்டாவது இடத்துக்கு இரண்டு டீம் எல்லாவற்றிலும் சமம். ஆளுக்கு நாலு பாயிண்ட். கோல் வித்தியாசம் சமம், போட்ட கோல் சமம், தங்களுக்குள் ஆடிய மேட்ச் ஒன்றுக்கு ஒன்று. யாரைக் காலிறுதிக்கு அனுப்புவது? கமிட்டியில் ஒருத்தர், "வேர்ல்ட் கப்புல கார்டு கம்மியா வாங்கினவன்தான போவான்? அதையே வெச்சிக்கலாம்" என்றார். நோட்டீசில் அப்படி ஒரு விதி இல்லை. இருந்தாலும் இருட்டிக்கொண்டு வந்ததால் எல்லாரும் தலையாட்டிவிட்டோம். நோட்டைப் புரட்டினால் ஒரு டீமுக்கு நாலு மஞ்சள், இன்னொன்றுக்கு ஐந்து. அந்த ஐந்தாவது மஞ்சள் எதற்கு என்றால், கடைசி நிமிடத்தில் கோல் அடித்துச் சமன் செய்த பையன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றியதற்கு. "கோல் போட்ட குஷில சட்டையக் கயட்னதுக்கு வூட்டுக்கு அனுப்பிச்சிடுவியாண்ணா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் நான் நோட்டைக் காட்டினேன். அப்போதுதான் கிழிந்தது.

இந்த வருஷம் எல்லா விதியையும் முன்கூட்டியே நோட்டீசில் அச்சடித்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. என்ன அச்சடிப்பது என்பதில்தான் மூன்று வாரமாக டீக்கடையில் பேச்சு. ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு வேர்ல்ட் கப் உதாரணம் இருக்கிறது. வியாசர்பாடியை மினி பிரேசில் என்று சொல்லிச் சொல்லி, இங்கே எல்லாருமே பாதி கோச் ஆகிவிட்டார்கள். சென்னையின் எஃப்சி நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் போன்றவர்கள் இந்தத் தெருக்களிலிருந்து போனவர்கள், அதனால் அந்தப் பேச்சுக்கு ஒரு உரிமையும் உண்டு. சரி, வந்திருக்கும் யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது நமக்கு ஒத்துவரும், எது வராது என்று பார்த்துவிடுகிறேன்.

முதலில் நம் நிலவரம். 16 டீம், நாலு குரூப். டீமுக்கு ஏழு பேர், பாதிக்கு 20 நிமிடம். கல்யாணபுரம், சர்மா நகர், புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூரிலிருந்துகூட ஒரு டீம். ஒரே மைதானம். இரண்டு ரெஃப்ரி மாறி மாறி விசில் பிடிப்பார்கள். சனி ஞாயிறு என்று இரண்டு வாரத்தில் எல்லாம் முடியவேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்கவேண்டும், ஏனென்றால் ஃபிஃபாவுக்குச் சரியான விதி நமக்கும் சரியாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கார்டு என்பதே எதற்காக வந்தது தெரியுமா? 1966 வேர்ல்ட் கப் காலிறுதி, வெம்பிளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும். ஜெர்மன் ரெஃப்ரி க்ரைட்லைன், அர்ஜென்டினா கேப்டன் ரட்டினை வெளியே போகச் சொன்னார். ரெஃப்ரிக்கு ஸ்பானிஷ் தெரியாது, ரட்டின் போக மறுத்தார், ஆட்டம் நிமிடக்கணக்கில் நின்றது. அதே மேட்சில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் எச்சரிக்கப்பட்டதே அவர்களுக்குத் தெரியாமல் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்று சொல்வதுண்டு. ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் லண்டனில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்தார். மஞ்சள் என்றால் நிதானம், சிவப்பு என்றால் நில். 1970 மெக்சிகோ வேர்ல்ட் கப்பில் கார்டு வந்துவிட்டது. அவர் மூலக்கடை சிக்னலில் நின்றிருந்தால் அந்த யோசனை வந்திருக்காது, அது வேறு விஷயம்.

நான் சொல்லவருவது, கார்டு பிறந்தது மொழி தெரியாத ஆளுக்கும் புரியவைக்க. "உனக்கு இது எச்சரிக்கை" என்று கூட்டத்துக்கே தெரியும்படி சொல்ல ஒரு அட்டை, அவ்வளவுதான். அதைக் கூட்டிக் கழித்து டீமின் குணத்துக்கு மார்க் போடும் வேலை பிற்பாடு ஏற்றப்பட்டது. நம் சிக்கலெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த மார்க் கணக்கு 2018-ல் ரஷ்யாவில் எப்படி இருந்தது என்றால்: ஒரு மஞ்சளுக்கு 1 கழியும், இரண்டாவது மஞ்சளால் வந்த சிவப்புக்கு 3, நேரடிச் சிவப்புக்கு 4, மஞ்சளுக்குப் பிறகு நேரடிச் சிவப்பு என்றால் 5. 'எச்' குரூப்பில் ஜப்பானும் செனகலும் தலா நாலு பாயிண்ட், தலா நாலு கோல் போட்டு நாலு வாங்கியிருந்தார்கள், தங்களுக்குள் 2-2. ஜப்பானுக்கு நாலு மஞ்சள், செனகலுக்கு ஆறு. ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது, செனகல் ஊருக்குப் போனது. எங்கள் 'பி' குரூப்பைப் போலவே இருக்கிறதா? அதனால்தான் அந்தக் கமிட்டிக்காரருக்கு உடனே ஞாபகம் வந்தது.

ஆனால் அந்தக் கடைசி நாளை முழுசாகப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். ஜப்பான் வோல்கோகிராதில் போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. சமாராவில் கொலம்பியா செனகலுக்கு எதிராக ஒரு கோல் அடித்த செய்தி வந்ததும், ஜப்பான் கோச் நிஷினோ 82-வது நிமிடத்தில் ஹசேபேவை இறக்கினார். அதற்கப்புறம் ஜப்பான் ஆடவே இல்லை. பின்னாலிருந்த நாலு பேர் பந்தை இடது வலது என்று தட்டிக்கொண்டு நின்றார்கள். கோல் வாங்கக்கூடாது, கார்டும் வாங்கக்கூடாது. ஸ்டேடியமே ஊளையிட்டது. ஃபேர் ப்ளே என்ற பெயரில் எழுதிய விதி, அந்த டோர்னமென்டிலேயே பார்க்கச் சகிக்காத பத்து நிமிடத்தைக் கொண்டுவந்தது. நான் ஜப்பானைக் குறை சொல்லமாட்டேன். விதி திறந்துவிட்ட கதவு வழியாக அவர்கள் நடந்துபோனார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. நாலு டீம் குரூப்பில் ஆறு மேட்ச், ஆறுக்கும் ஒரே ரெஃப்ரி வருவதில்லை. ஒருத்தர் தொட்டதற்கெல்லாம் மஞ்சள் எடுப்பார், இன்னொருத்தர் முறைத்துவிட்டு விட்டுவிடுவார். அப்படியென்றால் இரண்டு டீமின் ஒழுக்கத்தை ஒப்பிடுகிறோமா, இல்லை இரண்டு ரெஃப்ரியின் சுபாவத்தை ஒப்பிடுகிறோமா? நம் மைதானத்தில் இது இன்னும் மோசம். காலை மேட்சுக்கு நிற்பவர் முன்னாள் ரயில்வே ஆட்டக்காரர், கார்டை பாக்கெட்டிலிருந்து எடுக்கவே யோசிப்பார். மதிய வெயிலில் நிற்பவருக்கு யார் வாயைத் திறந்தாலும் ஆகாது. போன வருஷம் ஐந்து மஞ்சள் வாங்கிய டீமுக்கு மூன்று மேட்சில் இரண்டு மதியத்தில் விழுந்தது. ஒட்டிய நோட்டில் அதைப் பார்த்தபோதுதான் அந்தப் பையன் பக்கம் சாய்ந்தேன். போதாததற்கு, சட்டை கழற்றியதும் ஒரு மஞ்சள், ஓடுகிறவன் கணுக்காலில் ஸ்டட்ஸை வைத்துத் தேய்த்ததும் ஒரு மஞ்சள். நோட்டில் இரண்டும் ஒரே கோடு.

அப்போது கார்டு எண்ணுவதற்குப் பதில் என்ன? பெரியவர்கள் சொல்வது சீட்டுக் குலுக்கல். இதைக் கேட்டு இளவட்டங்கள் சிரிக்கிறார்கள், ஆனால் சரித்திரம் சீட்டின் பக்கம் நிறைய இருக்கிறது. 1954 வேர்ல்ட் கப்புக்குத் துருக்கியா ஸ்பெயினா என்ற கேள்வியை ரோமில் கண் கட்டிய 14 வயதுப் பையன் ஒருவன் சீட்டு எடுத்துத் தீர்த்தான், துருக்கி போனது. 1968-ல் ஐரோப்பியக் கோப்பையான யூரோவின் அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கூடுதல் நேரத்திலும் கோல் போடாமல் நின்றபோது, நேப்பிள்ஸில் காசு சுண்டிப் போட்டு இத்தாலியை ஃபைனலுக்கு அனுப்பினார்கள். 1990 வேர்ல்ட் கப்பில் அயர்லாந்தும் நெதர்லாந்தும் எல்லாவற்றிலும் சமமாகி, சீட்டில் அயர்லாந்து இரண்டாமிடம் வாங்கியது. இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போயின, ஆனால் சீட்டில் தோற்ற நெதர்லாந்துக்கு எதிரில் விழுந்தது மேற்கு ஜெர்மனி. தோற்று வெளியேறியது.

சீட்டில் ஒரு நல்ல குணம் உண்டு. அது யாருக்கும் மார்க் போடாது. "நீ ஒழுக்கம் கெட்டவன், அதனால் போ" என்று சொல்லாது. எங்கள் தெருவில் சீட்டு நடத்தும் அக்காக்கள் எவர்சில்வர் சொம்பில் துண்டுக் காகிதங்களைப் போட்டு, வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பணம் கிடைக்காதவர்கள் முகம் சுருங்குமே தவிர, குழந்தையைத் திட்டி நான் பார்த்ததில்லை. கார்டு கணக்கில் தோற்ற டீம் கமிட்டியைத் திட்டும், ரெஃப்ரியைத் திட்டும், நோட்டைக் கிழிக்கும். சீட்டில் தோற்றவன் தன் நேரத்தைத்தான் நொந்துகொள்வான். கெட்ட குணமும் உண்டு: மூன்று மேட்சிலும் சேர்த்து 120 நிமிடம் வெயிலில் ஓடியவனுக்குச் சொம்பிலிருந்து பதில் சொல்வது மனசுக்கு ஒட்டாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. வேர்ல்ட் கப்புக்கு அது எளிதில்லை, நமக்கு மிக எளிது. ஜப்பான் வோல்கோகிராதில், செனகல் சமாராவில். இரண்டு டீமையும் அன்றைக்கே ஒரு மைதானத்துக்குக் கொண்டுவந்து பெனால்டி அடிக்கச் சொல்ல முடியுமா? நம் 'பி' குரூப் டீம் இரண்டும் அன்றைக்கு ஒரே வேப்பமரத்தடியில், ஒரே தண்ணீர் கேனில் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஐந்து ஐந்து பெனால்டி, பதினைந்து நிமிடத்தில் கதை முடிந்திருக்கும். கண் முன்னாலேயே இருந்ததை விட்டுவிட்டு ரஷ்யாவுக்குப் போனோம். ஆகவே சமம் வந்தால் முதலில் தங்களுக்குள் ஆடிய மேட்ச், அப்புறம் கோல் வித்தியாசம், அப்புறம் அங்கேயே பெனால்டி. கோல் வித்தியாசத்தை முதலில் வைக்கவேண்டாம் என்பது என் கட்சி. பள்ளிப் பையன்கள் டீமைப் பிடித்து ஒன்பது பத்து என்று அடித்துச் சேர்க்கும் பழக்கம் அதனால்தான் வருகிறது. மூன்று டீம் சமமாகிவிட்டால் மட்டும் சொம்பு. கார்டு எண்ணிக்கைக்கு இந்தப் பட்டியலில் நான் இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவு சொன்னதும் நம் செயலாளர் அண்ணன் கேட்டார்: "கார்டுக்கு மதிப்பே இல்லன்னா பசங்க எப்பிட்றா அடங்குவாங்க?" நியாயமான கேள்வி. யார் அடுத்த சுற்றுக்குப் போவது என்பது ஒன்று, மைதானத்தில் கை கால் அடங்குவது இன்னொன்று. இரண்டையும் ஒரே கார்டில் கட்டியதுதான் போன வருஷக் குழப்பம்.

அடங்குவதற்கு வேர்ல்ட் கப்பில் வைத்திருக்கும் பெரிய ஆயுதம் தடை. சிவப்பு வாங்கினால் அடுத்த மேட்ச் கிடையாது. வெவ்வேறு மேட்சில் இரண்டு மஞ்சள் சேர்ந்தாலும் அடுத்த மேட்ச் கிடையாது. 2002-ல் ஜெர்மனியின் பல்லாக் தென் கொரியாவுக்கு எதிரான அரையிறுதியில் மஞ்சள் வாங்கினார். ஃபைனலுக்கு இனி தான் இல்லை என்று தெரிந்தும், நாலு நிமிடம் கழித்து அவரே ஒரே கோலையும் போட்டு டீமை ஃபைனலுக்கு அனுப்பினார். அவர் இல்லாத ஃபைனலில் பிரேசில் 2-0 என்று ஜெயித்தது. இந்த மாதிரி ஃபைனலை இழக்கிற சோகம் வேண்டாம் என்று, 2010 முதல் காலிறுதி முடிந்ததும் ஒற்றை மஞ்சளை அழித்துவிடும் ஏற்பாடு வந்தது. காலிறுதியிலேயே இரண்டாவது மஞ்சள் வாங்கினால் தப்பிக்க முடியாது. 2014-ல் பிரேசில் கேப்டன் தியாகோ சில்வா அப்படித்தான் ஜெர்மனியிடம் 1-7 வாங்கிய அரையிறுதியை வெளியிலிருந்து பார்த்தார்.

பல்லாக் கதையை எல்லாரும் அவருடைய தியாகமாகத்தான் சொல்வார்கள். நான் அதைக் கொரியாக்காரன் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஃபவுல் பட்டது கொரியா. பல்லாக் உட்கார்ந்ததால் லாபம் பிரேசிலுக்கு. கொரியாவுக்குக் கிடைத்தது ஒரு ஃப்ரீ கிக்கும், நாலு நிமிடம் கழித்து அதே ஆள் போட்ட கோலும். 2006-ல் நியூரம்பெர்கில் போர்ச்சுகலும் நெதர்லாந்தும் 16 மஞ்சள், 4 சிவப்பு என்று அடித்துக்கொண்ட மேட்சைப் பாருங்கள். சிவப்பு வாங்கிய டெகோ அடுத்த மேட்சில் இல்லை. அதனால் யாருக்கு வசதி? இங்கிலாந்துக்கு. அவர்கள் அந்தச் சண்டையில் இல்லவே இல்லை.

2010-ல் உருகுவேயின் சுவாரெஸ் கோல் கோட்டில் நின்று கையால் பந்தைத் தட்டியதை மறக்கமுடியாது. கானாவின் கியான் பெனால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தார், கானா வெளியே போனது. சுவாரெஸுக்குச் சிவப்பு, தடை, எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அவர் இல்லாத உருகுவேயை எதிர்கொண்ட பாக்கியம் நெதர்லாந்துக்கு. தண்டையார்பேட்டைக்காரன் கால் வீங்கியதற்கு எண்ணூர்க்காரன் கோப்பை வாங்கிப்போகிற கணக்கு இது.

நமக்குத் தடையில் இன்னொரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. வேர்ல்ட் கப்பில் ஆளை மாற்ற முடியாது. இங்கே? ஒரு செட் ஜெர்சியை அண்ணன் டீமும் தம்பி டீமும் மாறி மாறிப் போடுகிறார்கள். என் நோட்டில் 'அப்பு' மூன்று பேர், 'குட்டி' இரண்டு பேர். சனிக்கிழமை சிவப்பு வாங்கிய 8-ஆம் நம்பர், ஞாயிற்றுக்கிழமை 11-ஆம் நம்பரில் முடியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் ரெஃப்ரிக்கு எப்படித் தெரியும்? எதிர் டீமுக்குத் தெரியும். மேட்ச் ஆரம்பிக்கும் முன்பே சண்டை ஆரம்பித்துவிடும்.

ஆகவே என் ஓட்டு பெஞ்சுக்கு. தப்பு செய்தவன் அதே மேட்சில், அதே எதிரிக்கு முன்னால், ஐந்து நிமிடம் வெளியே உட்காரவேண்டும். யார் மேல் ஃபவுலோ அந்த டீமுக்கே ஏழுக்கு ஆறு என்ற லாபம், சுடச் சுட. இது புதுசாக நான் கண்டுபிடித்ததில்லை. கபடியில் மஞ்சள் கார்டுக்கு இரண்டு நிமிடம் வெளியே. ஹாக்கியில் பச்சைக்கு இரண்டு நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து. 2023 ஆகஸ்டில் எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி பார்க்கப் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வெளியே நாற்காலியில் உட்கார்ந்தவன் நெளிகிற நெளிப்பைப் பார்த்திருப்பார்கள்.

கால்பந்திலும் இது சட்டப்படி உண்டு. விதிகளை எழுதும் ஐஎஃப்ஏபி 2017 முதல் சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடித்தட்டு ஆட்டங்களுக்குத் தற்காலிக வெளியேற்றத்தை அனுமதித்திருக்கிறது. மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை என்கிறார்கள். நமக்கு 40 நிமிடம், ஆகவே நாலிலிருந்து ஆறு. ஐந்து என்று வைத்தால் நாக்கில் சுலபமாக வரும். இங்கிலாந்தில் ரெஃப்ரியோடு வாய் பேசுவதற்கு மட்டும் இதை 31 லீக்குகளில் சோதித்துப் பார்த்ததில் வாய்ப்பேச்சு 38 சதவீதம் குறைந்ததாகக் கணக்குச் சொல்லி, 2019-20 சீசனிலிருந்து உள்ளூர் ஆட்டங்களுக்கெல்லாம் கொண்டுவந்தார்கள். அங்கே 90 நிமிடத்துக்குப் பத்து நிமிடம்.

இன்னொரு வசதி, எல்லா மஞ்சளுக்கும் பெஞ்சு என்றும் வைக்கலாம், குறிப்பிட்ட மஞ்சளுக்கு மட்டும் என்றும் வைக்கலாம். விதியே இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. நான் இரண்டாவதை எடுப்பேன். ரெஃப்ரியிடம் எகிறுவது, கெட்ட வார்த்தை, வேண்டுமென்றே காலை விடுவது, கோலுக்குப் போகிறவன் சட்டையைப் பிடித்து இழுப்பது, இதற்கெல்லாம் பெஞ்சு. சட்டை கழற்றினால் வெறும் மஞ்சள், அத்தோடு சரி. நோட்டைக் கிழித்தவன் கேட்ட கேள்விக்கு ஒரு வருஷம் கழித்து இதுதான் என் பதில்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. ஏழு பேரில் ஒருத்தன் போவது, பதினொருத்தரில் ஒருத்தன் போவதைவிடக் கனமான அடி. ஐந்து நிமிடத்தில் இரண்டு கோல் விழுந்துவிடலாம். விழட்டும் என்கிறேன், அதற்குத்தானே. ஆள் குறைந்த டீம் பந்தைக் கால்வாய்ப் பக்கம் உதைத்துவிட்டு, எடுத்துவர மெதுவாக நடந்துபோவார்கள். இது நிஜமான தொல்லை. அதற்காக, பந்து வெளியே இருக்கும் நேரம் பெஞ்சுக் கணக்கில் சேராது என்று வைக்கவேண்டும், இரண்டாவது பந்தும் தயாராக இருக்கவேண்டும். ரெஃப்ரி பயந்து மஞ்சளே எடுக்காமல் போய்விடுவாரோ என்பது அடுத்த சந்தேகம். எங்கள் மதிய ரெஃப்ரியைத் தெரிந்தவர்கள் அந்தச் சந்தேகத்தைக் கிளப்பமாட்டார்கள்.

ஒரே மேட்சில் இரண்டாவது முறை பெஞ்சுக்கு வந்தவன், அந்த ஐந்து நிமிடம் முடிந்தாலும் திரும்ப இறங்கக்கூடாது, வேறு ஆள் இறங்கலாம். கையை ஓங்கினால் பெஞ்சு இல்லை, நேராகச் சிவப்பு, டோர்னமென்ட் முழுக்கக் கிடையாது. அதற்கு மட்டும் ஜெர்சி மாற்றும் வேலை நடக்காதபடி டீம் லிஸ்டில் போட்டோ ஒட்டிவிடலாம், செல்போனில் எடுத்தாலே போதும்.

வாய் விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். 2006 ஃபைனலின் 110-வது நிமிடத்தில் பிரான்ஸின் ஜிதான் இத்தாலியின் மேட்டராசியைத் தலையால் முட்டியதை உலகமே பார்த்தது, சிவப்பும் வாங்கினார். அவருடைய சகோதரியை இழுத்துப் பேசியதாக மேட்டராசியே பின்னால் ஒப்புக்கொண்டார், அவருக்கு அன்று அந்தப் பேச்சுக்கு ஒன்றும் இல்லை. அதே மேட்டராசி சென்னையின் எஃப்சிக்குக் கோச்சாக வந்து 2015-ல் ஐஎஸ்எல் கோப்பை வாங்கிக் கொடுத்தார், நாமும் கைதட்டினோம். நம் மைதானத்தில் முக்கால்வாசி அடிதடி அம்மாவையோ அக்காவையோ இழுப்பதில்தான் ஆரம்பிக்கிறது. அடித்தவன் மாட்டுவான், இழுத்தவன் கோப்பை தூக்குவான். பெஞ்சு இருந்தால் இழுத்தவனையும் உட்காரவைக்க ரெஃப்ரிக்கு ஒரு நடுத்தர ஆயுதம் கிடைக்கிறது. சிவப்பு எடுக்கத் தயங்குகிற இடத்தில் ஐந்து நிமிடம் கொடுக்கத் தயங்கமாட்டார்.

இதோடு சேர்த்து 2024 யூரோவில் வந்த விதியையும் எடுத்துக்கொள்ளலாம். ரெஃப்ரியிடம் கேப்டன் மட்டுமே போய்க் கேட்கலாம், கேப்டன் கோல்கீப்பராக இருந்தால் வேறு ஒருத்தனைச் சொல்லிவைக்கலாம், மற்றவர்கள் சூழ்ந்தால் மஞ்சள். செலவில்லாத விதி. பசங்களுக்கு டிவியில் பார்த்துப் பழக்கமும் ஆகிவிட்டது.

டெபாசிட் யோசனைக்கு வருகிறேன். டீமுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிவைத்து, மஞ்சளுக்கு ஐம்பது, சிவப்புக்கு இருநூறு என்று கழிக்கலாம் என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பான்சர் இருக்கும் டீம், "ஐம்பது ரூபாதான, உடு" என்று காலை விடும். கையில் காசில்லாத பசங்கள் ஆளுக்கு நூறு போட்டுக் கட்டிய என்ட்ரி ஃபீஸுக்கு மேல் இதுவுமா? ஆனால் ஒரே ஒரு தப்புக்குப் பணம்தான் சரி: மேட்ச் பாதியில் மைதானத்தை விட்டுப் போவது. 2023 மார்ச்சில் பெங்களூருவில் பெங்களூரு எஃப்சியின் சேத்ரி, எதிர் டீம் தயாராகும் முன்பே அடித்த ஃப்ரீ கிக் கோலை எதிர்த்து கேரளா பிளாஸ்டர்ஸ் வெளியேறியபோது, இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 4 கோடி ரூபாய் அபராதமும், கோச்சுக்குப் பத்து மேட்ச் தடையும் போட்டது. டீமே போய்விட்டால் பெஞ்சில் யாரை உட்காரவைப்பது? அதற்கு மட்டும் ஐந்நூறு ரூபாய் வாங்கிவைத்து, கடைசி விசில் வரை நின்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கார்டே வாங்காத டீமுக்கு குரூப்பில் ஒரு போனஸ் பாயிண்ட் என்று நம் பொருளாளர் சொன்னதை நான் எதிர்த்ததற்குக் கோபித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு 1994 கரீபியன் கப் கதையைச் சொல்கிறேன். கூடுதல் நேரத்தில் போடும் கோல் இரண்டாகக் கணக்காகும் என்று ஒரு புத்திசாலி விதி. கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டிய பார்படாஸ், 2-1 என்று இருக்கும்போது கடைசி நிமிடங்களில் தன் கோலிலேயே பந்தைப் போட்டுச் சமன் செய்துகொண்டது, கூடுதல் நேரம் வரட்டும் என்று. அப்புறம் கிரெனடா எந்தக் கோலில் போட்டாலும் தனக்கு லாபம் என்று இரண்டு பக்கமும் ஓட, பார்படாஸ் இரண்டு கோலையும் காத்தது. நினைத்தபடியே கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. பாயிண்டோடு விளையாடினால் நம் பசங்கள் அதைவிடப் பெரிய வித்தை காட்டுவார்கள். நல்லபடி ஆடிய டீமுக்குத் தனியாக ஒரு பரிசு கொடுத்துவிடுவோம், 1970-ல் பெருவுக்கு ஃபிஃபா கொடுத்த மாதிரி. ஷீல்டு வேண்டாம், இரண்டு நல்ல பந்து.

பெஞ்சுக்கு ஒத்துக்கொண்டால் கடைசியாக மிச்சம் இருப்பது இரண்டு வேலை. ஒன்று ஸ்டாப்வாட்ச். செல்போன் வேண்டாம், நடுவில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். இன்னொன்று பெஞ்சை எங்கே போடுவது. சொந்த டீம் பக்கம் போட்டால் உசுப்பேற்றி அனுப்புவார்கள், எதிர் டீம் பக்கம் போட்டால் அங்கேயே ஒரு சண்டை. ஆகவே நடுக்கோட்டில், என் மேசைக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருக்கிறேன். நேரத்தையும் நானே பார்த்துக்கொள்வேன். போன வருஷத்துப் பையன் பெயரையும் அவன் டீம் இந்த வருஷ லிஸ்டில் கொடுத்திருக்கிறது. அவன் வந்து உட்காரும் ஐந்து நிமிடம் மட்டும் நோட்டை மடியில் வைத்துக்கொள்கிறேன்.